எங்கள் வட்டக் கவுன்சிலருக்கு ஐந்துக்கு மூன்றரை

சென்னை மாநகராட்சியில் எங்கள் வட்டத்துக் (வார்டு) கவுன்சிலருக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அவசரத்துக்குக் கூப்பிட்டால் வந்து நிற்கிறார். அதில் குறையே சொல்ல மாட்டேன். வட்டத்துக்கு வந்த பணம் எந்தத் தெருவில் என்ன வேலைக்குப் போனது என்று எங்களைக் கூட்டி வைத்துச் சொல்வதில்லை. மதிப்பெண் பெரும்பாலும் அங்கேதான் குறைந்தது. ரெண்டையும் விவரமாக எழுதுகிறேன். நாலு வருஷத்துக்குப் பக்கமாக இந்த அம்மா வேலை செய்வதைத் தினமும் பார்க்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓட்டேரி நல்லா என்கிற கால்வாயை ஒட்டி, திரு.வி.க. நகர் மண்டலத்தில் ஒரு தெரு முனையில் எனக்குத் தையல் கடை. ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, ஓரம் அடிப்பது. அளவு கொடுக்க வரும் பெண்கள் கையை விரித்து நிற்கிற நேரத்தில் வீட்டு விஷயத்தைவிடத் தெரு விஷயத்தைத்தான் அதிகம் சொல்வார்கள். தண்ணீர் வரலை, விளக்கு எரியலை, நாய் துரத்துது, குப்பை வண்டி வரலை. எந்தக் குறை தீர்ந்தது, எது அப்படியே கிடக்கிறது என்பது அடுத்த ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும்போது தெரிந்துவிடும்.

பெயரையும் வட்ட எண்ணையும் போடவில்லை. போட்டால் இது கட்சிச் சண்டையாகிவிடும். நான் எழுத வந்தது வேலையைப் பற்றி.

கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பதன் அருமை, இல்லாத காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் புரியும். 2011-ல் தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு 2022 மார்ச் வரை சென்னையில் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அலுவலர் நிர்வாகம்தான். ஐந்து வருஷத்துக்கும் மேல். அதற்குள் 2019-ல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, அடுத்த வருஷம் கொரோனா வந்தது. தெருவை அடைத்து தகரம் கட்டினபோது உள்ளே இருந்தவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க யாரைக் கேட்பது என்று தெரியாமல் நாங்களே ஆளாளுக்கு ஓடினோம். மாநகராட்சியின் 1913-க்குப் போன் போட்டால் புகார் எண் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து யார் வாசலுக்குப் போவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தது. 200 வட்டங்கள். மார்ச் 4-ம் தேதி ஆர். பிரியா மேயரானார். 1688-ல் தொடங்கிய மாநகராட்சிக்கு மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர். எங்கள் மண்டலத்திலேயே வேறொரு வட்டத்திலிருந்து போனவர் என்பதில் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. எங்கள் கவுன்சிலரும் பெண்தான், முதல் முறை நின்று ஜெயித்தவர்.

பெண் கவுன்சிலர் என்றால் வீட்டுக்காரர்தான் வேலை பார்ப்பார் என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது. இங்கேயும் ஆரம்பத்தில் அப்படித்தான். போனை அவர் வீட்டுக்காரர் எடுப்பார், "மேடம்கிட்ட சொல்லிடறேன்" என்பார். அதை மாற்றியது எங்கள் தெருப் பெண்கள். "அண்ணா, அவங்ககிட்டயே குடுங்க, பொம்பளைங்க விஷயம்" என்று சொல்லி லைனிலேயே காத்திருப்பார்கள். குழாய் விஷயமாக இருந்தாலும் அதேதான் சொல்வார்கள். ஒரு வருஷத்துக்குள் போன் அந்த அம்மா கைக்கே வந்துவிட்டது. இப்போது வீட்டுக்காரரைக் கல்யாணம் காட்சியில்தான் பார்க்கிறோம்.

காலை நேரத்தில் வட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். மேசை மேல் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். போய் அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான்: "கம்ப்ளைன்ட் நம்பர் இருக்கா-ம்மா?" இல்லை என்றால் அங்கேயே உட்கார வைத்து 1913-க்குப் போட வைப்பார். படம் எடுக்கத் தெரிந்தவர்களை மாநகராட்சியின் 'நம்ம சென்னை' ஆப்பில் பதியச் சொல்வார். பலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது. "கவுன்சிலர்கிட்ட வந்தும் போன்தான் பண்ணணுமா" என்று என் கடையில் வந்து புலம்புவார்கள். எனக்கோ அவரிடம் முதலில் பிடித்ததே இதுதான். நம்பர் இல்லாத புகார் வெறும் வாய்ப்பேச்சு. உதவிப் பொறியாளர் மாறிப் போனால் அவரோடு அதுவும் போய்விடும். நோட்டில் தெரு, வீட்டு எண், புகார் எண், தான் யாரிடம் எப்போது பேசினார் என்பதையெல்லாம் எழுதிக்கொள்வார். வேலை முடிந்ததும் பச்சை மையில் அந்த வரியை அடிப்பார். வாரக் கடைசியில் பச்சை அடிக்காத வரிகளை மட்டும் படித்து மறுபடி போன் போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கவுன்சிலர் கையில் என்ன இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அவரிடம் போகிற குறைகளில் பெரும்பங்கு மாநகராட்சி வேலையே கிடையாது. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம். கரண்ட் மின்வாரியம். பட்டாவும் முதியோர் உதவித்தொகையும் தாசில்தார் ஆபீஸ். ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை. மாநகராட்சி பார்ப்பது குப்பை, தெருவிளக்கு, உள்தெருச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, கொசு மருந்து, ஆரம்ப சுகாதார நிலையம், சொத்து வரி. அதிலும்கூட ஒரு பொறியாளருக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் கவுன்சிலருக்கு இல்லை. மன்றக் கூட்டத்தில் கேட்கலாம், மண்டலக் குழுவில் கேட்கலாம், தன் வட்ட மேம்பாட்டு நிதியில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக் கொடுக்கலாம். மீதியெல்லாம் சொல்லிச் சொல்லி, போய் நின்று வாங்குவதுதான்.

இதற்கு அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? 2023 ஜூலையில்தான் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. அதற்கு முன் கூட்டத்துக்குப் போனால் கிடைக்கிற படி மட்டும்தான். சென்னையில் ஒரு வட்டத்தில் சராசரியாக 30,000 பேருக்கு மேல் இருக்கிறோம். அத்தனை பேருக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் வா என்று சொல்லிவிட்டு, என் கடையில் காஜா எடுக்கிற பெண் வாங்குகிற சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுப்பது நியாயமில்லை. சரியான சம்பளம் கொடுத்தால்தான் "வேறு வழியில் ஏன் வாங்கினாய்" என்று நிமிர்ந்து கேட்க முடியும்.

இனி நேரில் பார்த்த ஒன்று. அந்த அம்மா வந்த முதல் வருஷம், வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால், என் கடைக்கு எதிரே கறுப்புத் தண்ணீர் பொங்கி ஓட ஆரம்பித்தது. வாடிக்கைக்காரர்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டி வருவார்கள். தைத்து முடித்த துணியில் நாற்றம் ஏறிவிடாமல் எல்லாவற்றையும் பாலித்தீன் உறையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டேன். கடைக்கு எதிரே மேன்ஹோல் இருப்பதால் அதுதான் அடைத்துக்கொண்டது என்று எல்லாரும் முடிவு கட்டிப் புகார் கொடுத்தோம். அடைப்பெடுக்கிற ஜெட்ராடிங் வண்டி வந்தது, தண்ணீர் அடித்தார்கள், போனார்கள். ரெண்டு நாளில் தண்ணீர் மறுபடி தெருவில்.

கவுன்சிலர் வந்த அன்று, கழிவுநீர் பார்க்கிற ஆளையும் மழைநீர் வடிகால் பார்க்கிற ஆளையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். இந்த ஒன்றை நாங்கள் தலைகீழாக நின்றாலும் செய்திருக்க முடியாது. மேன்ஹோலைத் திறந்தார்கள். தண்ணீர் கீழே சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த வடிகால் மூடியைத் தூக்கச் சொன்னார். மழை பெய்யாத நாளில் மழைநீர் வடிகால் காய்ந்து கிடக்க வேண்டும். இங்கே விளிம்புவரை நிறைந்து சோப்பு நுரையோடு நின்றது. கீழ்ப்பக்கம் மண் தூர்ந்து அடைத்திருந்ததால் போக வழியில்லாமல் தெருவுக்கு ஏறியிருக்கிறது. சரி, நுரை எங்கிருந்து வருகிறது? மேல்பக்கமாக ஒவ்வொரு மூடியாகத் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். ஒரு மூடிக்குக் கீழே நுரை, அடுத்ததுக்குக் கீழேயும் நுரை, அதற்கு அடுத்ததில் வறண்ட மண்ணும் ஒரு செருப்பும். நுரைக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்தது புதிதாகக் கட்டிய ஓர் அடுக்குமாடி. அவர்களுடைய கழிவுநீர்க் குழாய் நேராக மழைநீர் வடிகாலில் இறங்கியிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. அந்த வீட்டுக்காரர்களைத் தெருவே திட்ட ஆரம்பித்தது. கவுன்சிலர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அவங்க காசு குடுத்து வாங்கினவங்க. கட்டினவர் கனெக்ஷன் வாங்கித் தராம போனதுக்கு இவங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது" என்று சொல்லி, அன்று சாயங்காலமே அவர்களுடைய கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பேசினார். முறையான கழிவுநீர் இணைப்புக்கு விண்ணப்பம் போட வைத்தார். அதுவரை லாரி வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். கீழ்ப்பக்கத்து மண்ணை அந்த வாரமே அள்ளினார்கள். இணைப்பு கிடைக்க நாளாகி, அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்குக் கொஞ்சம் நாற்றம் இருக்கத்தான் செய்தது. இணைப்பு வந்த பிறகு வடிகாலுக்குப் போன குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அடைக்கிற அன்றைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அதிலிருந்து இன்றுவரை என் கடை வாசல் காய்ந்திருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3-ம் தேதி தொடங்கிய மழை மறுநாள் முழுக்க விடவில்லை. நல்லாக் கால்வாய் நிரம்பித் தண்ணீர் பின்னால் தள்ள, எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. கரண்ட் இல்லை, செல்போனில் டவர் இல்லை. தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றி பரணில் வைத்துவிட்டு நான் மாடி வீட்டில் இருந்தேன். அந்த இருட்டில் மழைக்கோட்டோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் டார்ச்சுடன் அவர் வந்தார். யார் வீட்டில் படுக்கையில் கிடப்பவர் இருக்கிறார், யார் வீட்டில் மாசமான பெண், யாருக்கு டயாலிசிஸ் என்று வீட்டு எண்ணோடு பிளாஸ்டிக் கவரில் ஒரு தாள் வைத்திருந்தார். மழைக்கு முந்தின மாதமே எழுதி வைத்ததாம். அந்த வீடுகளுக்குத்தான் முதலில் போனார்கள். எதிர் வீட்டுத் தாத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மாநகராட்சிப் பள்ளியில் இருந்த முகாமில் சேர்த்தார்கள். பிறகு அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை வழியாகக் கொடுத்தபோது, கார்டு இல்லாமல் விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராகத் தேடி விண்ணப்பம் எழுத வைத்தார்.

அதே நாட்களில் நடந்த இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. நல்லாவை ஒட்டி ஒரு சந்து இருக்கிறது. தாழ்வான இடம், சின்னச் சின்ன வாடகை வீடுகள். வெளியூரிலிருந்து கட்டட வேலைக்கும் கறிக்கடை வேலைக்கும் வந்தவர்கள் நிறையப் பேர். பலருக்கு இங்கே ஓட்டு இல்லை. சாப்பாட்டு வண்டி பெரிய தெருவோடு நின்று, அங்கேயே காலியாகித் திரும்பிவிட்டது. சந்துக்காரர்களுக்குப் பொட்டலம் போய்ச் சேர மறுநாள் சாயங்காலம் ஆனது. தண்ணீர் முதலில் ஏறிய இடமும் கடைசியில் வடிந்த இடமும் அந்தச் சந்துதான். முதல் பொட்டலம் அங்கே போயிருக்க வேண்டும். இதை அவரிடமே சொன்னேன். "ஆமாக்கா, பசங்ககிட்ட விட்டுட்டேன், நானே உள்ள போயிருக்கணும்" என்றார். மறுத்துப் பேசாததை மதிக்கிறேன். ஆனால் பசித்தவர்களுக்கு அந்தப் பதில் போதாது. போன வருஷ மழைக்கு முன் போட்ட பட்டியலில் அந்தச் சந்து முதல் வரியில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னச் சின்ன உதவிகளில் அவர் கெட்டிக்காரர். ஆதாரில் முகவரி மாற்ற, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்தச் சான்றும் இருக்காது. அதற்கென்று இருக்கிற சான்றுப் படிவத்தில் படம் ஒட்டிக் கவுன்சிலர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். மூன்று மாதம் செல்லும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த எத்தனையோ பெண்களுக்கு இந்த ஒரு தாளில்தான் கேஸ் இணைப்பும் வங்கிக் கணக்கும் வந்திருக்கிறது. காசு வாங்கியதாக இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. என் கடைக்கு வருகிற பெண்கள் அப்படி ஒன்று நடந்திருந்தால் சொல்லாமல் இருப்பவர்கள் இல்லை.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன்.

கிராமத்தில் கிராம சபை போல நகரத்துக்கும் ஒரு சபை வேண்டும் என்று 2022-ல் தமிழ்நாடு அரசு விதி கொண்டு வந்தது. ஒவ்வொரு வட்டத்தையும் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் சேர்ந்தது வட்டக் குழு, அதற்குத் தலைவர் கவுன்சிலர். அந்தப் பகுதியில் ஓட்டு உள்ள யார் வேண்டுமானாலும் பகுதி சபைக்கு வந்து கேள்வி கேட்கலாம். அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். பிறகு ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருஷத்துக்கு நாலு நாள் குறித்தார்கள். ஓட்டுப் போடுவதற்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் சாதாரண ஜனத்துக்கு வாய் திறக்க இருக்கிற ஒரே சட்டபூர்வமான இடம் இதுதான்.

எங்கள் முதல் கூட்டம் மாநகராட்சிப் பள்ளி வளாகத்தில் ஷாமியானா, மைக், பிஸ்கட், டீயோடு நடந்தது. பொறியாளர்கள் வந்திருந்தார்கள். நானும் போய்ச் சந்துக்கு விளக்கு வேண்டும் என்று கேட்டேன், எழுதிக்கொண்டார்கள். அடுத்தது பாதிக் கூட்டம். அதற்கு அடுத்தது நடந்ததா என்றே தெரியவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு பையன் கையெழுத்து நோட்டோடு கடைக்கு வந்தான். "சபை கூட்டத்துக்கு வந்ததா ஒரு சைன் போட்டுடுங்க ஆன்ட்டி." என்றைக்கு நடந்தது என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. மேலே பார்த்தால் எங்கள் தெருக்காரர்கள் பலர் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் போடவில்லை. நோட்டை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் வட்ட அலுவலகத்துக்குப் போனேன்.

"கவுன்சிலர்மா, கூட்டம் போடாம கையெழுத்து வாங்கினா அது என்ன சபை?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அக்கா, கூட்டம் போட்டா அம்பது பேர் வந்து அம்பது குறை சொல்றாங்க. அதுல நாப்பது என் கையில இல்ல. மைக்ல எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டுப் போறாங்க. தனியா வந்தா செஞ்சுடறேன்ல?"

அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் "தனியா வந்தா செஞ்சுடறேன்" என்பதில்தான் சிக்கலே. தனியாக வரத் தெரிந்தவர்கள், வர நேரம் உள்ளவர்கள், அவரைத் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். ராத்திரி வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிற சந்துக்காரர் வர மாட்டார். நாற்பது குறை தன் கையில் இல்லை என்றால், அது யார் கையில் இருக்கிறது என்று மைக்கில் சொல்லும் இடம்தான் அந்தச் சபை. கணக்கு சொல்லும் இடமும் அதுதான். வட்ட மேம்பாட்டு நிதி என்று வருஷா வருஷம் லட்சக்கணக்கில் வருகிறது. எங்கள் பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் வந்தன, காலையில் வயதானவர்கள் பயன்படுத்துகிறார்கள், சந்தோஷம். ஆனால் சந்து விளக்கா, பூங்காக் கருவியா, எது முதலில் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து வருகிற பெண்கள் விளக்கைத்தான் சொல்லியிருப்பார்கள். விளக்கு வந்தது, ஒன்றரை வருஷம் கழித்து.

பேனர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர் பிறந்தநாளுக்கு முக்குக்கு முக்கு பேனர் வைக்கிறார்கள். "நான் வைக்கச் சொல்லலை, பசங்க வைக்கிறாங்க" என்கிறார். 2019-ல் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் பேனர் விழுந்து, அவர் லாரியில் அடிபட்டுச் செத்த ஊர் இது. பள்ளிக்கூட வாசலில் சவுக்குக் கட்டை நட்டு ஆளுயரப் படம் வைக்கிறவர்களிடம் "எடுடா" என்று சொல்ல ஒரு கவுன்சிலரால் முடியும். சொல்லவில்லை.

கடைசியாக 2025 ஆகஸ்ட். எங்கள் மண்டலத்திலும் ராயபுரம் மண்டலத்திலும் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுத்தார்கள். எங்கள் தெருவைப் பல வருஷமாகப் பெருக்கின பெண்கள், கொரோனாவில் எல்லாரும் கதவை மூடிக்கொண்டபோது வெளியே நின்றவர்கள், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்களில் ஒருத்தி தன் மகள் சடங்குக்குத் தைக்கக் கொடுத்த பட்டுப்பாவாடை அப்போது என் கடையில் இருந்தது. கூலி பாக்கியைக் கொடுத்து வாங்கிப் போக முடியாமல் விட்டிருந்தாள். நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுன்சிலர் அவர்களைப் போய்ப் பார்க்கவில்லை. "அது மேல எடுத்த முடிவுக்கா" என்றார். மேலே எடுத்ததாகவே இருக்கட்டும். தெருத் தெருவாகக் கூடவே நடந்து வடிகால் மூடியைத் தூக்கின கைகள் அவர்களுடையவை. போய்ப் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம். மன்றத்தில் எழுந்து, இவர்கள் சம்பளம் குறையுமா, பி.எஃப். உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இதற்கென்று ஓர் அரை மதிப்பெண்ணை நான் யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகும் ஏன் மூன்றரை என்று என் தங்கை கேட்டாள். பக்கத்து வட்டங்களில் இருக்கிற அவள் வீட்டுக்கும் என் நாத்தனார் வீட்டுக்கும் போய் வருகிறேன். அங்கெல்லாம் கவுன்சிலர் முகம் போஸ்டரில்தான் தெரியும் என்கிறார்கள். இங்கே காலையில் போனால் ஆள் இருக்கிறார், கேட்டால் பதில் வருகிறது, தப்பைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. இவரிடம் சபையும் ஒழுங்காக நடந்துவிட்டால் நாலரை கொடுக்க எனக்குத் தயக்கமே இருக்காது.

புதிதாக இந்த வட்டத்துக்குக் குடி வந்தவர்களுக்கு: போகும் முன் 1913-ல் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருப் பெயரோடு பக்கத்து மின்கம்பத்தின் எண்ணையும் சேர்த்துச் சொன்னால் ஆள் தேடாமல் வந்துவிடுவார்கள். பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு அவர் தெருவில் இருப்பார். ஆதார் படிவத்துக்கு வீட்டுக்காரரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட அழைத்துப் போவது நல்லது, தெரியாதவர்களுக்கு விசாரிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அது சரியான பழக்கம்.

வரும் ஜனவரி 26-ல் சபை நடக்கும் என்று சொல்லியிருக்கிறார். இந்த முறை பள்ளி வளாகத்தில் வேண்டாம், நல்லா ஓரத்துச் சந்து முனையில் நாற்காலி போடுங்கள், அங்கிருப்பவர்களும் வரட்டும் என்று கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். 2022 முதல் வட்ட மேம்பாட்டு நிதியில் நடந்த வேலைகளை வருஷம், தெரு, தொகை போட்டு ஒரு தாளில் எழுதி அங்கே ஒட்டச் சொல்லித் தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனு தயாராகிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்குள் என் கடைக்கு வாருங்கள்.